மனச்சாட்சி சொன்ன விலை: ஓவியத் துறவி ஃபிரா ஆஞ்சலிக்கோ

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 18 ஆம் நாள் அருளாளர் ஃபிரா ஆஞ்சலிக்கோவை நம் தாய்த் திருச்சபை நினைவுகூர்கிறது. 15 ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த இவர், புனித சாமிநாதர் சபைத் துறவி, குரு, ஓவியர். கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைகளிலும் செபப் படங்களிலும் இவர் வரைந்த வானதூதர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். வரைந்தவர் யார் என்பதை அறியாமலேயே பார்த்திருப்போம்.

இவருடைய பக்தியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்தி வேலை செய்த இடத்தை நாம் இன்று சற்று நெருங்கிப் பார்ப்போம். மரப்பலகை, வச்சிரப் பசை, சுண்ணாம்பு, முட்டைக் கரு, பொன், நீலக்கல் ஆகியவையே அந்த இடம். இவற்றை அவர் எப்படிக் கையாண்டார், எதை எங்கே வைத்தார், எதற்கு எவ்வளவு கேட்டார் என்று பார்க்கும்போது, நம் பங்குகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. ஆலயத்திற்கு இவ்வளவு செலவு தேவையா, அதை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்ற கேள்விதான் அது. பங்குப்பேரவைக் கூட்டங்களில் இந்தக் கேள்வி சில நேரம் உண்மையான அக்கறையோடு எழுகிறது. சில நேரம் வேறு காரணத்தோடும் எழுகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு துறவி, தம் வாழ்நாள் முழுவதும் உலகின் விலையுயர்ந்த பொருள்களைக் கையில் எடுத்து வேலை செய்தார். அவர் இந்தக் கேள்வியை எப்படி வாழ்ந்து காட்டினார்?

பிறப்பும் அழைப்பும்

ஃபுளோரன்ஸ் நகருக்கு வடக்கே முஜெல்லோ என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே விக்கியோ என்ற ஊருக்கு அருகில், ஏறத்தாழ 1395 ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குயிதோ. தந்தையின் பெயர் பியேத்ரோ. 1417 ஆம் ஆண்டின் ஒரு பக்த சபைப் பதிவேட்டில் இவர் பெயர் ஓவியர் என்ற குறிப்போடு காணப்படுகிறது. மறு ஆண்டிலேயே ஃபுளோரன்ஸ் நகர ஆலயம் ஒன்றிற்குப் பீட ஓவியம் செய்து கூலி பெற்றிருக்கிறார். ஆக, துறவற மடத்தின் கதவைத் தட்டும்போது இவர் கைத்தொழில் தெரிந்த இளைஞர். உலகத்தில் பிழைக்க வழியின்றி மடத்துக்கு வந்தவர் அல்லர்.

ஃபுளோரன்சுக்கு மேலே குன்றின்மீது ஃபியேசொலே என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே, சபை ஒழுங்கைத் தளர்த்தாமல் கடைப்பிடிக்க விரும்பிய சாமிநாதர் சபைத் துறவிகள் 1406 ஆம் ஆண்டில் ஒரு மடத்தைத் தொடங்கியிருந்தனர். குயிதோ அந்த மடத்தில் சேர்ந்தார். 1423 ஆம் ஆண்டின் ஆவணத்தில் அவர் சகோதரர் யோவான், அதாவது இத்தாலிய மொழியில் ஃபிரா ஜொவான்னி. அவருடைய உடன்பிறந்தார் பெனதெத்தோவும் அதே சபையில் சேர்ந்து, வழிபாட்டு நூல்களைக் கையால் எழுதும் பணியைச் செய்தார்.

ஆஞ்சலிக்கோ என்பது, வானதூதரைப் போன்றவர் என்ற பொருளில் அவர் இறந்தபின் மக்கள் கொடுத்த பெயர். வாழ்ந்த நாளில் அந்தப் பெயரை அவர் கேட்டதில்லை. சாமிநாதர் சபையின் பணி மறையுரை. பிற சகோதரர்கள் மேடையில் நின்று இறைவார்த்தையை அறிவித்தார்கள். எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த அந்தக் காலத்தில், இவர் அதே வார்த்தையைப் பலகையிலும் சுவரிலும் அறிவித்தார்.

பதின்மூன்று ஆண்டுப் பயிற்சி

அக்காலத்தில் ஓவியம் என்பது பட்டறைத் தொழில். சென்னினோ சென்னினி என்ற ஓவியர் ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டில் தொழில்முறை நூல் ஒன்றை எழுதிவைத்தார். ஒரு மாணவன் தேர்ச்சி பெற 13 ஆண்டுகள் ஆகும் என்பது அவர் கணக்கு. ஓராண்டு வரைந்து பழக வேண்டும். அடுத்த ஆறு ஆண்டுகள் நிறங்களை அரைப்பது, பசை காய்ச்சுவது, பலகையைத் தயார் செய்வது, பொன் ஒட்டுவது ஆகியவற்றிலேயே கழியும். மீதி ஆறு ஆண்டுகளில்தான் நிறம் தீட்டப் பழக வேண்டும். ஓவியன் இறையியல் படிக்கும் மாணவனைப்போல உணவிலும் குடியிலும் அளவோடு வாழ வேண்டும் என்றும் அவர் அறிவுரை கூறுகிறார். துறவியாக இல்லாத ஓவியருக்கே இந்த ஒழுங்கு சொல்லப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யாரும் பார்க்காத வேலை

பீட ஓவியத்தின் முதல் வேலை தச்சருடையது. இத்தாலியில் பெரும்பாலும் பாப்லர் மரத்தைப் பயன்படுத்தினார்கள். நன்றாகக் காய்ந்த பலகைகளை ஒட்டி, பின்புறம் சட்டம் அடித்து ஓவியரிடம் கொடுப்பார்கள். ஆட்டுத்தோல், பழைய தோல்சுருள் ஆகியவற்றின் துண்டுகளைக் கொதிக்க வைத்து எடுத்த வச்சிரப் பசையை ஓவியர் அதன்மேல் தடவுவார். பலகை பிளந்தாலும் ஓவியம் பிளக்காதிருக்க, பழைய மெல்லிய நார்த்துணியைப் பசையில் நனைத்து ஒட்டுவார்.

அதன்பின் ஜிப்சம் பூச்சு. முதலில் சொரசொரப்பான பூச்சு. அது காய்ந்தபின் மென்மையான பூச்சு. இந்த மென்மையான ஜிப்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, அது இறுகிவிடாதபடி ஏறத்தாழ ஒரு மாதம் நாள்தோறும் கிளற வேண்டும். அதைப் பசையோடு கலந்து, எட்டு முறையேனும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூச வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் கரித்தூளைத் தூவி, கத்தியால் மெதுவாகச் சுரண்டுவார்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் கரி தங்கும். கரி முழுவதும் நீங்கினால்தான் பரப்பு சமமாயிற்று என்று பொருள். முடிவில் அந்தப் பலகை தந்தம்போல வழவழப்பாகும்.

இத்தனை வாரங்கள் உழைத்தும் ஓவியம் இன்னும் தொடங்கவில்லை! ஆலயத்திற்கு வந்து முழந்தாளிடும் எவரும் இந்தப் பூச்சைப் பார்க்கப் போவதில்லை. எட்டுப் பூச்சுக்குப் பதிலாக நான்கு பூசினாலும் அன்று யாருக்கும் தெரியாது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் பொன் உரியும்போதும் நிறம் வெடிக்கும்போதும்தான் குறை வெளியே வரும். அப்போது ஓவியர் கூலியை வாங்கிச் செலவு செய்து, இறந்தும் போயிருப்பார். ஃபிரா ஆஞ்சலிக்கோவின் பலகைகள் பல, ஏறத்தாழ 600 ஆண்டுகள் கடந்தும் பொன் மின்ன நிற்கின்றன. மறைவில் இருப்பதைக் காணும் தந்தையைப் பற்றி மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சொன்னதை இந்த ஓவியர் அறிந்திருந்தார். அவருடைய பலகைகளே அதற்குச் சான்று.

பொன்னும் நீலமும்

வெள்ளைப் பரப்பில் கரியால் உருவங்களை வரைந்தபின், பொன் வர வேண்டிய இடங்களில் முட்டை வெள்ளைக் கருவில் குழைத்த மெல்லிய செம்மண் களியைப் பூசுவார்கள். பொன்னுக்கு வெதுவெதுப்பான ஒளியைக் கொடுப்பது அடியிலுள்ள இந்தச் சிவப்புதான். தங்க ரேக்கு செய்பவர் பொற்காசுகளை அடித்து, மூச்சுப் பட்டால் பறந்துவிடும் அளவுக்கு மெல்லிய தாளாக்கித் தருவார். ஒரு காசிலிருந்து 100 தாள் எடுப்பதே முறை என்றும், ஆனால் 145 தாள் வரை எடுக்கிறார்கள் என்றும் சென்னினி குறிப்பிடுகிறார். தாள் மெலிந்தால் இலாபம் கூடும், பொன்னின் ஒளி குறையும். அளவில் ஏமாற்றுவது எல்லாக் காலத்திலும் உள்ள சோதனைதான்.

ரேக்கை ஒட்டியபின் வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு சிறு ஆணிகளால் புள்ளி புள்ளியாகத் தட்டி ஒளிவட்டங்களை அமைப்பார்கள். மெழுகுவர்த்தி அசையும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒளியை வேறு வேறு பக்கம் திருப்பும். மின்விளக்கு இல்லாத ஆலயத்தில், திருப்பலி நேரத்தில், புனிதர்களின் தலையைச் சுற்றி ஒளி நடுங்கியதைப் போல மக்கள் கண்டிருப்பார்கள்.

பொன்னுக்கு நிகராக மதிக்கப்பட்டது நீலம். மரியன்னையின் மேலாடைக்கு உரிய இந்த நிறம், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பதக்‌ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து கிடைத்த லாபிஸ் லசூலி என்னும் கல்லிலிருந்து வந்தது. தரைவழியாகவும் கடல்வழியாகவும் வெனிஸ் நகருக்கு வந்ததால் அதைக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த நீலம் என்றே அழைத்தார்கள். அந்தக் கல்லை வெறுமனே பொடித்தால் சாம்பல் நிறமே வரும். பொடியைப் பைன் மரப் பிசின், மெழுகு ஆகியவற்றோடு சேர்த்து மாவுபோலப் பிசைந்து, மூன்று பகலும் மூன்று இரவுமாவது வைத்திருந்து, பிறகு சாம்பற்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அழுத்திப் பிசைய வேண்டும். தூய நீலம் மட்டும் பிரிந்து நீரில் இறங்கும். முதலில் இறங்குவதே உயர்ந்தது. பின்னால் வருவது மங்கிக்கொண்டே போய், முடிவில் சாம்பல்தான். மலிவான வேறு நீலங்களும் இருந்தன. அவற்றை வைத்து ஏமாற்றுவார்கள் என்ற பயத்தால், எந்த நீலம் பயன்படுத்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது வழக்கம்.

மற்ற நிறங்கள் எளியவை. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்த சாதிலிங்கம் சிவப்பைத் தந்தது. ஈயத் தகட்டைக் காடியின் ஆவியில் வைத்து எடுத்த ஈய வெள்ளை, மண்ணிலிருந்து கிடைத்த மஞ்சளும் பழுப்பும், மனித உடலின் நிறத்துக்கு அடியில் பூசும் பச்சை மண் ஆகியவையும் இருந்தன. இவை அனைத்தையும் குழைக்க முட்டையின் மஞ்சள் கரு போதும். இளையோரின் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டையும், முதியோரின் கறுத்த முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி முட்டையும் நல்லது என்று சென்னினி எழுதுகிறார். நகரத்துக் கோழியின் கரு வெளிறியிருக்குமாம். முட்டைக் கரு நொடியில் காய்ந்துவிடும். ஆகவே மெல்லிய தூரிகையால் முடியிழை போன்ற கோடுகளை ஆயிரக்கணக்கில் ஒன்றன்பக்கம் ஒன்றாக இட்டுத்தான் ஒரு கன்னத்தின் வளைவைக் கொண்டுவர முடியும். அவசரக்காரருக்கு ஏற்ற தொழில் அன்று அது.

மனச்சாட்சிக்கு விட்ட விலை

1433 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் நாள், ஃபுளோரன்ஸ் நகரின் நார்த்துணி வணிகர் சங்கம் இவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. தங்கள் சங்கத்தின் அரங்கில் வைப்பதற்கு, கதவுகள் கொண்ட பெரியதொரு மரியன்னை ஓவியம் வேண்டும் என்று கேட்டார்கள். சட்டம் பளிங்கால் ஆனது. அதை வடிவமைத்தவர் புகழ்பெற்ற சிற்பி கிபெர்த்தி. உள்ளும் புறமும் கிடைப்பதற்குள் சிறந்த பொன், நீலம், வெள்ளி ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. கூலி 190 ஃபுளோரின் பொற்காசுகள். ஒரு காசின் எடை ஏறத்தாழ 3.5 கிராம். அப்படியானால் அரைக் கிலோவுக்கும் கூடுதலான தங்கம்!

அந்த ஒப்பந்தத்தில் மேலும் ஒரு விதி இருந்தது. 190 காசு, அல்லது அவருடைய மனச்சாட்சிக்குச் சரி என்று படுகிற அதைவிடக் குறைந்த தொகை என்று வணிகர்கள் எழுதினார்கள். துணியை முழம் போட்டு விற்பவர்கள், ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்ப்பவர்கள், விலையைக் குறைக்கும் உரிமையை வேலை செய்பவரின் மனச்சாட்சியிடமே விட்டுவிட்டார்கள். பொன்னின் தரத்தை எழுதிக் கேட்டவர்கள், மனிதரின் தரத்தை எழுதிக் கேட்கத் தேவையில்லை என்று கண்டார்கள்.

இந்த ஓவியம் இன்றும் ஃபுளோரன்சில் உள்ளது. நடுவில் மரியன்னை திருக்குழந்தையோடு வீற்றிருக்க, சட்டத்தைச் சுற்றிப் பன்னிரு வானதூதர்கள் இசைக்கருவிகளோடு நிற்கிறார்கள். நாம் அட்டைகளில் பெரும்பாலும் காண்பது இந்த வானதூதர்களைத்தான். ஓவியத்திற்குக் கிடைத்த கூலி அவருடைய பைக்குப் போகவில்லை. ஏழ்மை வார்த்தைப்பாட்டின்படி அது மடத்தின் பொதுச் சொத்தாகியது.

புனித மாற்கு மடம்: சுண்ணாம்பும் மௌனமும்

1436 ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் யூஜின், ஃபுளோரன்ஸ் நகரிலுள்ள புனித மாற்கு மடத்தை ஃபியேசொலே துறவிகளுக்கு அளித்தார். அந்த மடம் பாழடைந்து கிடந்தது. அதைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்தவர் நகரின் பெரும் வங்கியாளர் கொசிமோ தெ மெதிச்சி. சில வழிகளில் சேர்ந்த பணம் தம் மனத்தை உறுத்துவதாக அவர் திருத்தந்தையிடம் சொன்னதாகவும், 10,000 பொற்காசுகளைக் கட்டடப் பணிக்குச் செலவிடுமாறு திருத்தந்தை அறிவுறுத்தியதாகவும் அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்துள்ளார். ஆலயத்துக்கு வரும் பணம் எல்லாம் தூய பணமாக இருப்பதில்லை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. மிக்கெலொத்சோ என்ற கட்டடக்கலைஞர் மடத்தை எளிமையாகவும் அழகாகவும் கட்டினார். ஓவிய வேலை ஃபிரா ஆஞ்சலிக்கோவுக்கு வந்தது.

இங்கேதான் அவருடைய தெளிவை நாம் காண்கிறோம். மக்கள் கூடும் ஆலயத்தின் தலைமைப் பீடத்திற்கு அவர் பொன்னும் உயர்ந்த நீலமும் கொண்ட பெரிய பீட ஓவியம் செய்தார். 1443 ஆம் ஆண்டு ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா அன்று, திருத்தந்தை நான்காம் யூஜின் முன்னிலையில் அந்த ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. அதே நேரத்தில் மேல்தளத்தில், துறவிகள் தங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அறைகளின் சுவர்களில் அவரும் அவருடைய உதவியாளர்களும் ஓவியம் தீட்டினார்கள். அங்கே பொன்னின் பளபளப்புக்கு இடமில்லை. சுண்ணாம்பு வெள்ளை, மஞ்சள் மண், செம்மண், பச்சை மண், இவையே பெரும்பாலான நிறங்கள்.

சுவர் ஓவியத்தின் முறையே வேறு. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கலந்த காரையை முதலில் தடித்துப் பூசி, அதன்மேல் செங்காவியால் கோட்டுருவம் வரைவார்கள். பிறகு, அன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் மெல்லிய ஈரக்காரையைப் பூசி, அது காய்வதற்குள் தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டுவார்கள். காய்கிறபோது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுக் கல்லாகிறது. நிறமும் அந்தக் கல்லுக்குள் அடைபட்டுவிடுகிறது. பசை தேவையில்லை. ஆனால் திருத்தவும் முடியாது. தவறினால் காரையைச் செதுக்கி எடுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். ஒருமுறை வரைந்ததை இவர் திருத்துவதில்லை, அது இறைவனின் திருவுளம் என்று கருதினார் என 16 ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி கூறுகிறார். செபிக்காமல் தூரிகையைத் தொட்டதில்லை என்றும், சிலுவையில் தொங்கும் ஆண்டவரை வரையும்போதெல்லாம் அழுதார் என்றும் அவரே சொல்கிறார். வசாரி ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியவர். அவர் சொன்னதை அப்படியே ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், ஈரச்சுவரின் முன் நிற்பவர் முதல் கோட்டை இடுவதற்கு முன்பே மனத்தில் முழு ஓவியத்தையும் தியானித்து முடித்திருக்க வேண்டும் என்பது தொழிலின் உண்மை.

மூன்றாம் அறையில் உள்ள மங்கள வார்த்தை ஓவியத்தைப் பாருங்கள். வெறுமையான வளைவு மண்டபம். எளிய ஆடையில் ஒடுங்கி முழந்தாளிட்ட மரியா. எதிரே நிற்கும் கபிரியேல். பூ இல்லை, தோட்டம் இல்லை, அணிகலன் இல்லை. ஏழாம் அறையில் கண்கள் கட்டப்பட்ட ஆண்டவர் அமர்ந்திருக்கிறார். அவரை அடிக்கும் கைகளும் துப்பும் ஒரு தலையும் மட்டும் காற்றில் தெரிகின்றன. அடிப்பவர்களின் உடல் இல்லை. அந்தக் கை யாருடையது என்று சொல்லாமல் விட்டதால், பார்க்கிறவர் தம் கையையே நினைக்க நேரிடுகிறது. புகுமுகத் துறவியரின் அறைகளில், சிலுவையின் அடியில் புனித சாமிநாதர் ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு நிலையில் செபிக்கிறார். இளம் துறவி எப்படிச் செபிப்பது என்பதைச் சுவரே கற்பித்தது. படியேறி வரும் இடத்திலுள்ள பெரிய மங்கள வார்த்தை ஓவியத்தின் கீழே, கடந்து செல்பவர் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்ல மறக்க வேண்டாம் என்ற நினைவூட்டல் எழுதப்பட்டுள்ளது.

இவற்றில் பலவற்றை உலகம் பார்க்க வேண்டும் என்று அவர் வரையவில்லை. ஓர் அறை, அதில் ஒரு துறவி, அவருக்காக ஒரு சுவர். அவ்வளவுதான். பல நூற்றாண்டுகள் பூட்டிய அறைக்குள்ளேயே இருந்த அந்த வேலையிலும் அவர் கை தளரவில்லை.

உரோமையில்

1445 ஆம் ஆண்டில் திருத்தந்தை யூஜின் இவரை உரோமைக்கு அழைத்தார். ஃபுளோரன்சின் பேராயர் பதவியை இவருக்கு அளிக்க முன்வந்தபோது, தமக்குத் தகுதியில்லை என்று கூறித் தம் சபைச் சகோதரர் அந்தோனினுசின் பெயரைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தோனினுஸ் 1446 ஆம் ஆண்டில் பேராயரானார், பின்னாளில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

1447 ஆம் ஆண்டுக் கோடையில் ஓர்வியேத்தோ பேராலயத்திலும் சில மாதங்கள் வேலை செய்தார். பிறகு திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாசுக்காக வத்திக்கான் மாளிகையிலுள்ள சிற்றாலயத்தில் திருத்தொண்டர்களான புனித ஸ்தேவான், புனித லாரன்ஸ் ஆகியோரின் வாழ்வை வரைந்தார். மாணவர் பெனொத்சோ கொத்சோலி உடனிருந்து உதவினார். திருத்தந்தையின் ஆலயம் என்பதால் இங்கே பொன்னும் நீலமும் தாராளமாக உள்ளன. ஆனால் அந்தப் பொன்னுக்கு நடுவே அவர் எதை வரைந்திருக்கிறார் என்று பார்ப்போம். புனித லாரன்ஸ் ஆலயத்தின் வாசலில் நின்று திருச்சபையின் செல்வத்தைப் பகிர்ந்தளிக்கிறார். பார்வையற்ற ஒருவர் தடவி வருகிறார். நடக்க இயலாத ஒருவர் தரையில் இருந்தபடி கை நீட்டுகிறார். கைக்குழந்தையோடு ஒரு தாய் நிற்கிறார். திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவா என்று கேட்ட உரோமை அதிகாரியின் முன் ஏழைகளைக் கொண்டுபோய் நிறுத்தியவர் புனித லாரன்ஸ் என்பது நாம் அறிந்ததே. திருத்தந்தை நாள்தோறும் செபிக்கும் இடத்தில், மிக விலையுயர்ந்த நிறங்களைக் கொண்டு, ஏழைகளின் முகங்களை இந்தத் துறவி எழுதிவைத்தார்.

இடையில் 1450 முதல் ஃபியேசொலே மடத்தின் தலைவராகவும் பணியாற்றினார். மீண்டும் உரோமைக்குச் சென்றவர், 1455 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் அங்கே இறந்தார். சபையின் ஆலயமான சாந்தா மரியா சோப்ரா மினெர்வாவில் அடக்கம் செய்யப்பட்டார். துறவு உடையில் அவர் படுத்திருக்கும் உருவம் செதுக்கிய கல் இன்றும் அங்கே உள்ளது. பழங்காலத்துப் பெரும் ஓவியரோடு தம்மை ஒப்பிட்டுப் புகழ வேண்டாம் என்றும், தாம் ஈட்டியதையெல்லாம் கிறிஸ்துவின் ஏழைகளுக்குக் கொடுத்ததே தமக்குப் புகழ் என்றும் அவரே கூறுவதுபோல் கல்லறை வாசகம் அமைந்துள்ளது.

புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையாக இருந்தபோது, 1982 ஆம் ஆண்டில் இவருக்கு அருளாளர் நிலையை உறுதிசெய்தார். 1984 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் இவரைக் கலைஞர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

புனித மாற்கு ஆலயத்தின் அந்தப் பீட ஓவியம் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு, அதன் துண்டுகள் பல நாடுகளுக்குச் சிதறின. காணாமற்போன இரண்டு சிறு பலகைகள் 2006 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு சாதாரண வீட்டில் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு புனிதர், பின்னணி முழுவதும் பொன். பல கைகள் மாறி, பல இடங்கள் கடந்தும் அடியிலுள்ள பூச்சு அந்தப் பொன்னை விடாமல் பிடித்திருந்தது. 2025 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபுளோரன்சில் தொடங்கிய பெரிய கண்காட்சியில், சிதறிய பகுதிகளில் பெரும்பாலானவை மீண்டும் ஒன்றாக வைக்கப்பட்டன.

நம் சிந்தனைக்கு

ஆலயத்திற்குச் செலவு செய்யலாமா, ஏழைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஃபிரா ஆஞ்சலிக்கோ ஒரு வரியில் விடை தரவில்லை. பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது எழுந்த அதே கேள்வி இது. அங்கே ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டவன் பணப்பையைத் தன்னிடம் வைத்திருந்தவன் என்று புனித யோவான் எழுதுகிறார். ஆகவே கேள்வியைக் கேட்பவரின் கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறவியின் கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. எல்லா மக்களும் கண்டு செபிக்கும் பீடத்துக்குச் சிறந்த பொன்னைக் கொடுத்தார். தம் சகோதரர்களின் அறைக்குச் சுண்ணாம்பையும் மண்ணையும் கொடுத்தார். தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் அவருடைய பொன் யாருக்கும் இடறலாகவில்லை.

நம் ஆலயத்தில் எதையேனும் புதிதாகக் கட்டவோ அழகுபடுத்தவோ திட்டமிடும்போது நாமும் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது எல்லாரையும் செபத்துக்கு அழைக்குமா, அல்லது கொடுத்தவரின் பெயரைத்தான் பெரிதாகக் காட்டுமா? வாசலில் நிற்கும் ஏழை இதில் எங்கே இருக்கிறார்? வேலை செய்தவருக்கு நியாயமான கூலி போய்ச் சேர்ந்ததா?

ஓவியர்களாக இல்லாத நம் எல்லாருக்கும் அவர் வாழ்வில் பாடம் உண்டு. கொத்தனார் பூசும் சுவருக்குள், தையல்காரர் தைக்கும் மடிப்புக்குள், ஆசிரியர் திருத்தும் விடைத்தாளில், செவிலியர் இரவுப்பணியில், இல்லத்தரசி சமைக்கும் உணவில் யாரும் பார்க்காத ஒரு பூச்சு இருக்கிறது. எட்டுப் பூச வேண்டிய இடத்தில் நான்கு பூசினால் இன்று யாருக்கும் தெரியாது. நாம் செய்யும் வேலைக்கு விலை சொல்லும்போது, அல்லது உன் மனச்சாட்சிப்படி எடுத்துக்கொள் என்று ஒருவர் நம்மிடம் விட்டுவிடும்போது, நாம் சொல்லும் தொகை என்ன? ஃபுளோரன்ஸ் வணிகர்கள் ஒரு துறவியை நம்பியதைப்போல, நம் ஊர் மக்கள் நம்மை நம்பிக் கணக்கை நம்மிடமே விடுவார்களா?

இந்த வாரத்தில் நாம் செய்யும் வேலைகளில் ஒன்றையாவது, யாரும் பார்க்காத ஒன்றை, இறைவனுக்குக் கொடுக்கும் காணிக்கையாக முழுமையாகச் செய்து பார்ப்போம். அருளாளர் ஃபிரா ஆஞ்சலிக்கோ நமக்காகவும், கைத்தொழில் செய்து வாழும் அனைவருக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக. ஆமென்.